நான் பார்க்காத ஊருக்கு ஒரு வழிநடைச் சிந்து

சிகாகோ பட்டணத்தில் ரயிலேறி மேற்கே போனால் அரைமணி நேரத்தில் ஓர் ஊர் வருகிறது. ஸ்டேஷனில் இறங்கி இடது கைப்பக்கம் திரும்பினால் கடைத்தெரு. தெருமுனையில் மணிக்கூண்டு. அதன் கடிகாரம் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் ஓடும். ஊரார் அதைத் திருத்த மாட்டார்கள், அதற்கேற்றபடி தாங்களும் பிந்தி வருவார்கள். அங்கிருந்து சரிவில் இறங்கினால் ஆறு, ஆற்றங்கரையில் மாவரைக்கும் பழைய ஆலை. இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்வேன்.

சொல்கிறவன் ரங்கூனுக்கு வடக்கே மாவ்பி வரைக்கும் போனதே ஒரே தடவை. அதுவும் ரயிலில் தூங்கிப்போய், இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டதால்.

எனக்கு ரங்கூன் துறைமுகத்தில், அலோன் கரையில் மூட்டை எண்ணும் உத்தியோகம். கிட்டங்கியிலிருந்து அரிசி மூட்டை தலைமேல் ஏறிக் கப்பலுக்குப் போகும். பலகைப் பாலத்தின் ஓரத்தில் நின்று நான் உரக்க எண்ண வேண்டும். ஒன்று என்று தொடங்குவது எங்களுக்கு ஆகாது. முதல் மூட்டைக்கு "லாபம்" என்று ராகம் போட்டு இழுப்பேன். மூட்டை சுமக்கிறவர்கள் "ரெண்டு" என்று பதில் இழுப்பார்கள். மூன்று எனக்கு, நான்கு அவர்களுக்கு. இப்படிக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கச்சேரி. இங்கிலீஷும் தெரியும் என்று கரையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. உண்மையில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் கப்பல்காரர்களோடு சண்டை போடும் இங்கிலீஷ். நனைந்த மூட்டை, கிழிந்த மூட்டை, அது என் தப்பு இல்லை. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் நாற்பது வயதுவரை கௌரவமாக வாழ்ந்துவிடலாம்.

இன்னொரு விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பயம் வந்தால் சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு நேர் எதிர். வாய் தானாக ஓடும், எங்கே ஓடுகிறது என்று எனக்கே தெரியாது. ஒரு முறை ரங்கூனில் பூமி லேசாக ஆடியபோது மாடிவீட்டில் இருந்த அத்தனை பேரும் தெருவுக்கு ஓடிவிட்டார்களாம்; நான் மட்டும் அடுப்படியில் நின்று பாத்திரங்களை ராகம் போட்டு எண்ணிக்கொண்டிருந்தேனாம். என் மனைவி சொல்கிறாள். அவள் சொல்வதில் பொய் இருக்காது, கொஞ்சம் கூட்டல் இருக்கும்.

எங்களுக்கு ஒரே மகள். ரங்கூன் பபேடான் பேட்டையில் எங்கள் சந்துக்குப் பின்னால் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதை அவள் முடித்திருந்தாள். இனி இரண்டே வழி. ஒன்று, வீட்டில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவது. இன்னொன்று, அமெரிக்கக்காரப் பெண்மணி ஒருவர் தலைமையாசிரியையாக இருந்த பெண்கள் பள்ளிக்கூடம். பெண் ஆசிரியரைப் பர்மாவில் சயாமா என்று அழைப்பது வழக்கம். அவரையும் ஊரே சயாமா என்றுதான் சொன்னது. என் மனைவி ரங்கூனிலேயே பிறந்தவள். அவள் அப்பா முனிசிபாலிட்டியில் ரோடு போடும் வேலைக்கு வந்தவர். பர்மியப் பேச்சு அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் எழுத்து என்று பார்த்தால் கடைப் பலகையைக் கூட்டிப் படிக்கிற அளவுதான். மகள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பது அவள் எந்நேரமும் மனத்தில் வைத்திருந்த ஒரே ஆசை. வாயால் அதிகம் சொல்லமாட்டாள். மகள் பொறுக்கிய கல்லை என் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான்.

சயாமாவிடம் இடம் கேட்கப் போனேன். ஐம்பது வயதிருக்கும். உயரம், மூக்குக்கண்ணாடி, சர்க்கரை போடாத தேயிலைத் தண்ணீர். வகுப்பு நிறைந்துவிட்டது, ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது, அதைக் கேட்டு ஏழெட்டுப் பேர் வந்து போயிருக்கிறார்கள் என்றார். நான் என் மூன்று இங்கிலீஷையும் பயன்படுத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு, எங்கள் வாசகசாலையில் தாம் விளக்கொளியில் சுவரில் விழும் மாஜிக் லாந்தர் படம் காட்டப்போவதாகவும், அதற்குத் தமிழில் விளக்கம் சொல்ல ஆள் வேண்டும் என்றும் சொன்னார். அவருடைய சொந்த ஊரின் ஆண்டுவிழாவுக்காக எடுத்த படங்களாம். அவர் தம்பி கண்ணாடித் தகடுகளாக அனுப்பியிருக்கிறாராம்.

"நான் சொல்கிறேன்" என்றேன். வாய் ஓடிவிட்டது.

"நல்லது. இடத்தைப் பற்றி அதற்கப்புறம் பார்ப்போம்" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் அரிவதை நிறுத்தவில்லை.

"பாப்போம்னுதானே சொன்னாங்க? நீங்க வாயைத் தெறக்காம இருந்திருந்தா இந்நேரம் இடம் கெடச்சிருக்கும்."

"அவங்க ஊரைப் பத்தி நான் நல்லா சொன்னா இடம் கட்டாயம்."

"நல்லா சொல்லலேன்னா?"

அன்று இரவு எனக்குப் பசிக்கவில்லை.

இரண்டு சாயங்காலம் பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்து பாடம் கேட்டேன். சயாமா கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார். மலையில்லை, காடில்லை, கண்ணுக்கெட்டிய தூரம் புல். அந்தப் புல்வெளிக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தவர் ஒருவர்தான் ஆற்றை மறித்து மாவாலை வைத்தார். ஆலையைச் சுற்றி நாலு வீடு. பிறகு வண்டிப் பயணிகள் தங்க ஒரு சத்திரம். பிறகு ரயில். ரயில் வந்ததும் சிகாகோவில் வேலை பார்க்கிறவர்கள் இங்கே வந்து வீடு கட்டினார்கள். கடைத்தெரு முழுவதும் மரம். ஒரு கோடையில் தீப்பிடித்து எல்லாம் எரிந்து போயிற்று. அதற்கப்புறம் செங்கல். தீயணைக்கத் தண்ணீர் இல்லாமல் போன கோபத்தில் ஊரார் வானளாவ ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். அதுதான் இப்போது ஊருக்கு அடையாளம். ரயிலில் வருகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவதும் அதுதானாம்.

"மாட்டுவண்டிக்காரருக்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள்?" என்று கேட்டேன்.

"ஆற்றங்கரையில் அந்த மண்ணின் பூர்வகுடிகள் இருந்தார்கள்."

"இப்போது?"

சயாமா கையிலிருந்த தகட்டைப் பெட்டிக்குள் வைத்தார். "மேற்கே போகச் சொல்லிவிட்டோம்" என்றார். அடுத்த தகட்டை எடுத்தார்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அவர் மூக்கால் பேசுகிற இங்கிலீஷில் பாதி புரிந்தது, மீதியைப் படத்தைப் பார்த்து நிரப்பினேன். வீட்டுக்கு வந்து தமிழில் பதினாலு பக்கம் செய்தேன். தள்ளி வைத்துப் படித்தாலும் தெரியட்டும் என்று எழுத்தைப் பெரிதாக எழுதினேன். இவ்வளவு முன்யோசனையுள்ள மனிதனா நான் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பதினாலு பக்கத்தை மனப்பாடமும் செய்யப் பார்த்தேன். நிற்கவில்லை. ராகம் இல்லாத எதுவும் என் மண்டையில் நிற்காது. மூட்டை எண்ணி எண்ணி அப்படி ஆகிவிட்டது. அதனால் விளையாட்டாக அதை ஒரு வழிநடைச் சிந்தாகக் கட்டினேன். வழிநடைச் சிந்து என்றால், நடந்து போகிற ஒருவன் தன்கூட வரும் பெண்ணுக்கு வழியில் வரும் கோயில், குளம், சத்திரம், சாவடியை ஒவ்வொன்றாகக் காட்டிப் பாடிக்கொண்டே போவது. தைப்பூசத்துக்கு நடப்பவர்கள் பாடுவார்கள். ரங்கூன் தெருவில் மலிவுப் பதிப்பாகவும் விற்பார்கள். அதில் எந்த ஊராக இருந்தாலும் சரி, அடிக்கு ஒரு தடவை "பாரடி பெண்ணே" வந்தாக வேண்டும். வராவிட்டால் அது சிந்து இல்லை.

"பாரடி பெண்ணே! – அதோ பச்சைப்புல் கடலினைப் பாரடி கண்ணே! மாட்டுவண்டி ஓட்டிவந்தான் – அந்த மாவாலைச் சக்கரம் பாரடி பெண்ணே!" என்று அடுப்படியில் நின்று பாடினேன்.

"பெண்ணேயும் ஆச்சு, கண்ணேயும் ஆச்சு. அந்த வெங்காயத்தை உரிங்க" என்றாள் மனைவி. மகள் மட்டும் கைகொட்டித் தாளம் போட்டாள்.

வாசகசாலை எங்கள் சந்து முனையில் ஒரு குடைக்கடையின் மாடியில் இருந்தது. கடை முதலாளி ஒரு மரக்காயர். கூட்டத்துக்குத் தலைவர் அவர்தான், மாஜிக் லாந்தர் இயந்திரமும் அவருடையதுதான், என்னைக் கேலி செய்யும் உரிமையும் நெடுநாளாக அவரிடம்தான் இருந்தது. அன்று சாயங்காலம் மாடி தாங்காத கூட்டம். என்னோடு வேலை பார்க்கும் அலோன் கரை ஆட்கள் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். அமெரிக்காவைப் பார்க்க வந்ததாகச் சொன்னார்கள். நான் மாட்டிக்கொள்வதைப் பார்க்க வந்திருந்தார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

முன்வரிசையில் சயாமா. பக்கத்து நாற்காலியில் என் மனைவி, அவள் மடியோடு ஒட்டிக்கொண்டு மகள். சுவரில் வெள்ளை வேட்டி கட்டியிருந்தது. மரக்காயர் தம் கடையிலிருந்து ஒரு புதுக் குடையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டாமா? இதால காட்டும். துணியில குத்திக் கிழிச்சிடாதேயும், வேட்டி என்னுது."

நான் பதினாலு பக்கத்தையும் மேஜையில் வரிசையாக அடுக்கினேன். தொண்டையைச் செருமினேன்.

"வெளக்கை அணைங்கப்பா!" என்றார் மரக்காயர்.

அணைத்தார்கள்.

வாழ்க்கையில் நான் எத்தனையோ மாஜிக் லாந்தர் படம் பார்த்திருக்கிறேன். அத்தனையையும் இருட்டில்தான் பார்த்திருக்கிறேன். பதினாலு பக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதிய முன்யோசனைக்காரனுக்கு இது மட்டும் தோன்றவில்லை. மேஜை மேல் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. என் கை தெரியவில்லை.

"அணைக்காதீங்க!" என்று கத்தினேன்.

"ஓய், வெளிச்சத்துல படம் எப்படிங்காணும் தெரியும்?"

"எனக்குத் தாள் தெரியலையே!"

"தாளையா பாக்க வந்திருக்கோம்? படம் வந்தாச்சு, ஆரம்பியும்!"

வேட்டியில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் வந்து நின்றது. இருநூறு கண்கள் என்னைப் பார்த்தன. அதில் இரண்டு கண் மகளுடையது. அந்த ஒரே இடம் என் கண்முன்னால் றெக்கை கட்டிப் பறந்தது. மண்டையில் ஒரு சொல் இல்லை. வாயைத் திறந்தேன். என்ன வரும் என்று மற்றவர்களைப் போலவே நானும் காத்திருந்தேன்.

"லாபம்!" என்றேன். கரையில் இழுப்பது போலவே, முழு ராகத்தோடு.

இருட்டிலிருந்து அலோன் கரை மொத்தமும் ஒரே குரலில் பதில் சொன்னது.

"ரெண்டு!"

மாடி அதிர்ந்தது. சிரிப்புச் சத்தத்தில் சயாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அண்ணே, அமெரிக்காவுல எத்தனை மூட்டைண்ணே?" என்று ஒரு குரல். கையில் குடை இருந்தது. தலைக்கு மேல் ஆபத்து இருந்தது. மழை ஊர்க்காரன் கை என்ன செய்யும்? விரித்துவிட்டேன். சிகாகோவுக்குப் பக்கத்து ஊரில் திடீரென்று கிரகணம் பிடித்தது.

"ஓய்! குடையை மடக்கும்! விக்கிற சரக்கு!"

மடக்கினேன். மடக்குகிற நேரத்தில்தான் நாக்கு நுனியில் ராகம் தட்டுப்பட்டது. மூழ்குகிறவன் கட்டையைப் பிடிப்பது போல அதைப் பிடித்துக்கொண்டேன்.

"பாரடி பெண்ணே! – அதோ பச்சைப்புல் கடலினைப் பாரடி கண்ணே!"

கரை ஆட்களுக்கு இந்த மெட்டு அத்துபடி. இரண்டாம் அடிக்குள் கைத்தாளம் வந்துவிட்டது. மூன்றாம் அடியில் "பாரடி பெண்ணே" என்று நான் தொடங்குமுன் அவர்களே பாடினார்கள். எனக்கு உயிர் வந்தது. குடையை நீட்டி நீட்டிக் காட்டினேன். மாட்டுவண்டிக்காரர் வந்தார், மாவாலை கட்டினார். வேட்டியில் இன்னும் ரயில்வே ஸ்டேஷன்தான் நின்றிருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. இன்னொன்றையும் கவனிக்கவில்லை. வேட்டிக்கு நேர் கீழேதான் சயாமாவின் நாற்காலி. இருட்டில் என் குடை நுனி ஒவ்வொரு "பெண்ணே"க்கும் அவரைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

"அட, சயாமாவையா அடின்னு கூப்பிடுறாரு!" என்று பின்வரிசையில் ஒருவன் வாய்விட்டான்.

பாட்டு அந்த இடத்திலேயே நின்றது. சயாமா தலையைச் சாய்த்து என் மனைவியிடம் பர்மியத்தில் கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

"பா ப்யோதாலே?"

என்ன சொல்கிறார் என்று கேட்கிறார். மீன்கடையில் நிற்குமளவு பர்மியம் எனக்கும் தெரியும். இந்தக் கேள்விக்குப் பதில் என் மனைவியின் வாயில் இருந்தது, என் மகளின் படிப்பும் அதே வாயில் இருந்தது. ஐம்பது வயதுத் தலைமையாசிரியையை நடுச்சபையில், குடையால் சுட்டி, பெண்ணே கண்ணே என்று அழைத்த அப்பனுக்கு உலகத்தில் எந்தப் பள்ளிக்கூடம் இடம் கொடுக்கும்? மனைவி அவர் காதருகே குனிந்து நீளமாக ஏதோ சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மீன் விலை எதுவும் அதில் இல்லை.

சயாமா எழுந்து நின்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தேன். அவரோ நேராக லாந்தர் வெளிச்சத்துக்குள் நடந்துபோய், வேட்டியில் தெரிந்த ஸ்டேஷன் வாசலில் விரலை வைத்து, கோபமாக, வேகமாகப் பர்மியத்தில் பேசினார். அவர் முதுகெல்லாம் செங்கல் சுவர் படிந்திருந்தது.

மனைவியும் எழுந்தாள்.

"ஏங்க, தப்பான வழியில கூட்டிட்டுப் போறீங்களாம். ஸ்டேஷன்ல எறங்கினா மொதல்ல மாவாலை வராதாம். எடது கைப்பக்கம் திரும்பணுமாம். கடைத்தெரு வருமாம்."

"நான் சரித்திரப்படி சொன்னேன்" என்றேன், தீனக்குரலில்.

"சரித்திரத்துல எவன் நடப்பான்? நடந்து போறதுதானே பாட்டு? திரும்புங்க எடது பக்கம்."

திரும்பினேன். அதற்கப்புறம் நடந்தது கூட்டமா, கூத்தா என்று இன்றைக்கும் வாசகசாலைக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். சயாமா பர்மியத்தில் வழி சொல்வார். என் மனைவி தமிழில் தருவாள். நான் அதைப் பிடித்து மெட்டில் போடுவேன். கரை ஆட்கள் "பாரடி பெண்ணே" என்று கூரையைப் பிளப்பார்கள். மரக்காயர் தகடுகளை மாற்றி மாற்றிச் செருகி, "மெதுவா நடங்கப்பா, கை சுடுது!" என்று கூவுவார். கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு எதிரே குதிரை கட்டும் கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போகக்கூடாது என்று சயாமா எங்களை நிறுத்தினார். சத்திரத்தின் பின்கட்டில் கிணறு இருந்தது என்றார். தீப்பிடித்த கோடையைச் சொன்னபோது எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். எங்கள் பபேடான் மரவீடுகளில் இருக்கிற எவனுக்கும் தீயைப் பற்றி விளக்கம் வேண்டியதில்லை.

"கண்ணாடிபோல் உறைந்தகுளம் – அதில் கால்வைத்து நடப்பாரைப் பாரடி பெண்ணே!" என்று பாடியபோதுதான் கொஞ்சம் கலகம். தண்ணீர் மேல் நடப்பது பொய் என்று ஒரு கோஷ்டி. ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லையா என்று ஒரு கோஷ்டி.

தண்ணீர்த் தொட்டி வந்தது. நாலு கால், மேலே உருண்டைத் தலை, உச்சியில் கூம்பு.

"சயாமா ஊர்லயும் பகோடா இருக்குதே!" என்றான் ஒருவன். அவன் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. சயாமாவுக்கு மனைவி சொன்னாள். சயாமா யோசித்து, ஆமாம், தூரத்திலிருந்து அதைப் பார்த்தால்தான் ஊர் வந்துவிட்டது என்று தெரியும், அந்தவரையில் அது பகோடாதான் என்றார். கரை ஆட்கள் கைதட்டினார்கள். கடலிலிருந்து ஆற்றுக்குள் கப்பல் நுழையும்போது ரங்கூனின் பெரிய பகோடாவின் பொன்முடியைத் தேடிய கண்கள்தானே எல்லாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி இடம் என் சட்டைப்பையில் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு வந்த மறு நிமிஷம் மரக்காயர் கடைசித் தகட்டைச் செருகினார்.

அது ஒரு வீடு. வெள்ளையடித்த மரவீடு, முன்னால் வராந்தா, மூன்று படி, படியோரம் கவிழ்த்து வைத்த ஒரு வாளி. எங்கள் இரண்டு சாயங்காலப் பாடத்தில் இது இல்லை. பதினாலு பக்கத்தில் இல்லை. ஊர்ச் சரித்திரத்திலேயே இருக்கக்கூடிய வீடாகத் தெரியவில்லை. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சயாமாவைப் பார்த்தாள். சயாமா வேட்டியையே பார்த்துக்கொண்டு பர்மியத்தில் ஏதோ முணுமுணுத்தார்.

தாளம் தேய்ந்து நின்றது. லாந்தர் விளக்கு இரைகிற சத்தம் மட்டும்.

"பெட்டி அடியில தம்பி வெச்சு அனுப்பியிருக்காரு. அவங்க வீடாம்" என்றாள் மனைவி மெதுவாக. "இங்க வந்ததுலேருந்து போகவேயில்லையாம்." சற்றுப் பொறுத்து, "பாடுங்க" என்றாள்.

"என்னன்னு?"

"என்னமோ பாடுங்க. நிக்காதீங்க."

எனக்கு மறுபடியும் மண்டை காலி. பயத்தில் வாய் ஓடியது. ஆனால் ஒரு தடவையாவது அது சரியான பக்கம் ஓடியது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை.

"பாரடி பெண்ணே! – நாம் நடந்துவந்த தெருவிலே நம்வீடு பாரடி கண்ணே!"

யாரும் கூடப் பாடவில்லை. குடையை நான் தாழ்த்திக்கொண்டேன். மனைவி மொழிபெயர்க்கவும் இல்லை. அப்போது பின்வரிசையிலிருந்து அலோன் கரையின் பசித்த குரல் ஒன்று கேட்டது.

"வீடு வந்தாச்சுல்ல? சோறு உண்டான்னு கேளுங்கண்ணே!"

சயாமா திரும்பி மனைவியைப் பார்த்தார். மனைவி இதை மட்டும் சொன்னாள். சயாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரே சொல்லில் பதில் சொன்னார்.

"உருளைக்கெழங்காம்" என்றாள் மனைவி.

கூட்டம் கலையவே நேரமாயிற்று. ஆளாளுக்கு மாலை போட வந்தார்கள். முதல் மாலை சயாமாவுக்கு, இரண்டாவது என் மனைவிக்கு. மூன்றாவது எனக்கு என்று கழுத்தை நீட்டினேன். அதை மரக்காயர் தம் லாந்தருக்குப் போட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துப் பியூன் வந்தான். தாயும் மகளும் வந்து பார்க்க வேண்டும் என்று செய்தி. தகப்பனைப் பற்றி ஒன்றுமில்லை. இருந்தாலும் போனேன். வெளிவாசலில் நின்றேன். கேட் கம்பிகளை எண்ணினேன், மனத்துக்குள்தான். உள்ளே என்ன நடக்கிறதோ என்று ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பயம் வைத்தேன். 'பெண்ணே'க்கு அர்த்தம் இந்நேரம் தெரிந்திருக்குமா? பள்ளிக்கூடத்தில் வேறு தமிழ்ப் பிள்ளைகள் இல்லாமலா இருப்பார்கள்? அவர்களில் ஒருத்திகூடவா சொல்லியிருக்கமாட்டாள்?

மகள் ஓடிவந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பின்னால் மனைவி வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. கேட்டால் வெயில் என்பாள், அதனால் கேட்கவில்லை. மகள் முன்னால் ஓட, நாங்கள் டிராம் நிறுத்தம் வரை நடந்தோம்.

"என் பாட்டுதானே காரணம்?" என்றேன்.

"பாட்டா?"

"பின்னே?"

"நேத்து அந்த அடி, பெண்ணே எல்லாம் என்னன்னு கேட்டாங்கல்ல? எங்க வழக்கத்துல பாடுறவரு பொண்டாட்டியைக் கூட்டிட்டு நடந்துபோய் ஊரைக் காட்டுவாரு, அந்தப் பொண்ணு நான்தான்னு சொன்னேன்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அடடா. அப்புறம்?"

"அப்ப ஒண்ணும் கேக்கலை. இன்னிக்கு உள்ள போனதும் அதைத்தான் மொதல்ல கேட்டாங்க. நெசமாவே உன்னை எங்கெல்லாம் கூட்டிட்டுப் போயிருக்காருன்னு."

"நீ என்ன சொன்னே?"

"மீன் மார்க்கெட்டுக்குன்னேன்."

"அவ்வளவுதானா சொன்னே?"

"வேற எங்க போயிருக்கோம்? நீங்களே சொல்லுங்க."

யோசித்தேன். டிராம் வருகிறவரை யோசித்தேன்.

"பொண்ணாவது நாலு எடம் பாக்கட்டும்னு சொல்லிட்டு இடம் போட்டுட்டாங்க" என்றாள். "இனிமே பள்ளிக்கூட விஷயமா எதுன்னாலும் நான் வந்தாப் போதுமாம். உங்களுக்கு வேலை அதிகம் இருக்கும், தொந்தரவு வேண்டாம்னாங்க."

ஆக, என் இங்கிலீஷும் காரணமில்லை, சிந்தும் காரணமில்லை. கல்யாணமான நாள் முதல் பெண்டாட்டியை ஓரிடத்துக்கும் அழைத்துப் போகாத என் சோம்பேறித்தனம்தான் மகளுக்குப் படிப்பு வாங்கிக் கொடுத்தது. இப்படியும் ஒரு தகப்பன் குடும்பத்துக்கு உபகாரம் செய்யலாம்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் மூவரும் நடந்தே போனோம். நடக்கலாம் என்று நான்தான் சொன்னேன், பெருமையாக. மகள் புதுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எனக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே, "அப்பா, பாட்டாவே காட்டுங்க" என்றாள்.

"பாரடி பெண்ணே! – அதோ…" என்று தொடங்கினேன். எதிரே சூலே பகோடா. அது யாருக்கும் தெரியும். அதைத் தாண்டி ஒரு செங்கல் கட்டடம். தினம் அதன் நிழலில்தான் டிராமுக்கு நிற்கிறேன். அது கோர்ட்டா, சர்க்கார் கச்சேரியா, யார் கட்டியது, எதற்குக் கட்டியது? பார்க்காத ஊரின் குதிரை கட்டும் கல்வரை பாடியவனுக்கு அடுத்த அடி வரவில்லை.

"அதோ… அது… ஒரு கட்டடம் பாரடி கண்ணே" என்றேன்.

"நீங்க அமெரிக்காவையே பாடுங்க" என்றாள் மனைவி. பிறகு, நடக்கிற நடையிலேயே குனிந்து மகளிடம் சொன்னாள். "இந்த ரோட்டைப் பாரு. இந்த முக்குலேருந்து அந்த முக்குவரைக்கும் ஜல்லி கொட்டினது உங்க தாத்தா. அப்ப எனக்கு உன் வயசு. அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துட்டு வருவேன், தார் கொதிக்கிற வாசனை அடிக்கும்."

இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை என்பதுதான் சரி. நடுரோட்டில் நின்று கீழே பார்த்தேன். பன்னிரண்டு வருஷமாக மிதித்து நடந்த ரோடு. இதற்கு ஒரு அடி கட்டாமல் விடக்கூடாது என்று மெட்டைத் தேடினேன்.

பின்னால் டிராம் மணி பிடரியில் அடித்தது போல ஒலித்தது.

"லாபம்!" என்று அலறிக்கொண்டு ஓரத்துக்குத் தாவினேன்.

மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையைச் சரிசெய்துகொண்டு பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தபடியே பதில் இழுத்தாள்.

"ரெண்டு!"